ரெக்சின் டைரக்டர்

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஒரு ஷூவுக்குத் தோலை எந்தெந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதுதான் வேலை. நல்ல வேலை. விட்டபோது சும்மா விட்டிருக்கலாம். நான் பேசிவிட்டு விட்டேன். "தோல் நாத்தத்துல கெடந்து சாகறதுக்கு நான் பொறக்கல. நான் ஆர்ட்டிஸ்ட்" என்று, சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். ஒருத்தரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் மட்டும், "போறதுக்கு முன்னாடி அந்த ஊறுகாயத் தள்ளிட்டுப் போ" என்றார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. சினிமாவில் இல்லாத மிருகம் ஓடுவதையும் இல்லாத வீடு இடிவதையும் பார்த்துவிட்டு, இதைச் செய்தவனும் கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருப்பான், நானும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று கணக்குப் போட்ட முட்டாள்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு நான்.

சத்துவாச்சாரியில் வாடகை வீடு. மனைவி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படுக்கையறையின் ஒரு மூலையை நான் ஸ்டூடியோ என்பேன். அவள் "மெஷின் வெச்ச எடம்" என்பாள். அவள் சொன்னதுதான் சரி.

வந்த வேலைகளைச் சொல்கிறேன். லாங் பஜாரில் ஒரு நகைக்கடைக்கு லோக்கல் கேபிள் விளம்பரம். மோதிரம் ஒன்று வானத்திலிருந்து சுழன்று வந்து வேலூர்க் கோட்டை மதில்மேல் இறங்க வேண்டும். மதிலுக்குப் பக்கத்தில் மோதிரம் எவ்வளவு பெரிசாக இருக்கலாம் என்று நான் யோசிக்கவில்லை. லாரி டயர் இறங்குகிற மாதிரி இருந்தது. கடைக்காரருக்கு ரொம்பச் சந்தோஷம், நன்றாகத் தெரிகிறதாம். எங்கள் சபையில் சிறுவர்களின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு யோனாவை விழுங்கிய மீனை வரைந்து கொடுத்தேன். திரையை விலக்கியதும் பிள்ளைகள் "எருமை, எருமை" என்று கத்தினார்கள். மற்றபடி கல்யாண வீடியோக்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கழுத்துவரை வெட்டி ரோஜாவுக்குள் வைக்க வேண்டும், ரோஜா விரிய வேண்டும், புறா பறக்க வேண்டும். இதையெல்லாம் செய்யச் சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். செய்ததை அவர்கள் பாராட்டினால் இன்னும் ஜாஸ்தி கோபம் வரும்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒருநாள் பழைய கம்பெனி முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். வெளிநாட்டில் ஒரு தோல் கண்காட்சியில் அவர் ஸ்டால் போடுகிறார். அங்கே டிவியில் ஓட ஒரு சின்னப் படம் வேண்டும். ஷூவின் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து, தானே தைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ நிற்க வேண்டும். ரோஜா இல்லை. புறா இல்லை. நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "கம்பெனியில உங்க சேர் இன்னும் காலியாத்தான் இருக்காமே?"

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. நான் ஒண்ணும் உங்களை இப்பவே போகச் சொல்லல. இந்த வேலையச் செய்ங்க. அவரே கடைசியில சரியில்லன்னு சொல்லிட்டா, அடுத்த திங்கக்கிழமை போயி அந்தச் சேர்ல உக்காந்துடணும். சரியா?"

"சரி."

"பைபிள் மேல கை வெச்சுச் சொல்லச் சொல்ல மாட்டேன். இந்தச் சோத்து மேல கை வெச்சுச் சொல்லுங்க."

சொன்னேன். சூடாக இருந்தது.

அதனால் எனக்கு இந்தப் படம் வெறும் படம் இல்லை. டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் நின்று பேசியவன் அதே டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டுமா வேண்டாமா என்பது அதில் இருந்தது.

கம்பெனித் தோலில் ஒரு கையளவு துண்டு வாங்கி வந்து ஸ்கேன் செய்தேன். அதில் மாசு மறு இல்லாத ஒரு சதுரத்தை எடுத்து, தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல ஷூ முழுக்க ஒட்டினேன். இடது ஷூவைச் செய்து முடித்ததும் ஒரு பட்டனைத் தட்டி அதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பினேன். வலது ஷூ தயார். இதை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துத் தோல்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் தோலைக் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார்கள். கை முதலில் போகும். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பார்ப்பார்கள், சுருக்கம் எப்படி விழுகிறது, எப்படி நிமிர்கிறது என்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பையைக்கூடக் கேட்காமல் தடவிப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக் குனிந்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

முதலாளி என் படத்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"வாங்க டைரக்டர் சார்" என்றுதான் வரவேற்றார். படம் முடிந்ததும், "இது இன்னாப்பா?" என்றார்.

"ஷூ சார்."

"ஷூன்னு தெரியுது. மேல போட்டிருக்கறது இன்னா?"

"தோல் சார். உங்க தோல்தான். ஸ்கேன் பண்ணது."

"ரெக்சின்" என்றார். "மூணு தலைமுறையா தோல் விக்கிறோம். எங்க ஸ்டால்லயே ரெக்சின் ஷூ ஓட்டி என்னைப் பேஜார் பண்ணணும்னு எத்தினி நாளா காத்திருந்தே? அந்தக் கடைசியில வருதே ஜோடி, அதை நிறுத்து. இந்தக் கால்ல இருக்கற வரி அப்படியே அந்தக் கால்லயும் திரும்பி நிக்குது பாரு. எந்த ஆடுப்பா இது? அச்சுல வார்த்த ஆடா?"

நிஜத் தோலில் எந்த இடமும் இன்னோர் இடம் மாதிரி இருக்காது. சதுரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அது மெஷினில் அடித்த செயற்கைத் தோல், ரெக்சின்தான். இது தோல்காரர்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்து போயிற்று. ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டேன் அல்லவா.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். கோபம் அவர்மேல். அவருக்கு நிஜம்தானே வேண்டும், காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஆட்டை உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, வேலியில் உரசிய தேய்வு என்று ஒவ்வொன்றாக வரைந்து ஷூ முழுக்கச் சேர்த்தேன். அற்புதமாக வந்தது. அந்த ஆடு பட்ட கஷ்டம் முழுக்க அந்த ஷூவில் இருந்தது.

"மொதல்ல ரெக்சின் பண்ணே" என்றார் முதலாளி. கை அப்போதும் பின்னால்தான். "இப்ப கழிச்சுப் போட்ட தோலைப் புடிச்சுப் போட்டிருக்கே. இந்தத் தோல் என் கேட்டுக்குள்ள வந்தா செலக்ஷன்ல இருக்கறவனை வீட்டுக்கு அனுப்பிடுவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா நாலு போட்டோவ ஒட்டிக்கிறேன். நீ ஒண்ணும் கூச்சப்படாதே. உன் சேர் இருக்கு, வந்துடு."

கடைசி வாக்கியத்தைப் பிரியமாகத்தான் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே வரும் வழியில் பேட்டர்ன் ரூம். என் நாற்காலிமேல் ஷூ அச்சுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் தலையை நீட்டினார். "ஏம்பா ரெக்சின் டைரக்டரு, இதெல்லாம் எடுத்து வெச்சுடட்டா? இல்ல, இன்னும் நாலு நாள் ஆவுமா?" உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேர் எனக்கு முன்னாடியே கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. வெளியே டீக்கடைக்காரரும் அப்படியே கூப்பிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது திட்ட ஆள் தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த நாற்காலியில் மூன்று வருஷம் நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் வந்தது. இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்து இடத்தில் துண்டு எடுக்க வேண்டும். நல்ல இடம் ஷூவின் மூக்குப் பக்கம், சுமாரான இடம் மறைகிற பக்கம். அப்போதுதான் ஜோடி அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. அதை வரைந்து வரைந்து சலித்துத்தான் வேலையையே விட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் பஸ் பிடித்தேன்.

"மாஸ்டர், ஒரு முழுத் தோல் வேணும்."

"நாத்தம் புடிக்காதுன்னியே?"

"குடுங்க மாஸ்டர்."

"ஊறுகா வேணுமா, அதுவும் இருக்கு" என்றார். ஆனால் கேட் பாஸ் எழுதி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு முழு ஆட்டுத் தோலைச் செய்தித்தாளில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் ஸ்கேனரில் ஒரு தாள்தான் வைக்க முடியும். தோலை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்ட வேண்டும். மூடி படியவில்லை. டியூட்டி முடிந்து வந்த மனைவி, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து மூடிமேல் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"எக்ஸ்ரே எடுக்கற மாதிரியே இருக்கு" என்றாள். "ஆட்டை மூச்சை இழுத்துப் புடிக்கச் சொல்லுங்க."

பிறகு கம்ப்யூட்டரில் அந்தத் தோலை விரித்து, கம்பெனியில் வெட்டுகிற மாதிரியே துண்டு எடுத்தேன். படத்தின் பிரேம்களை ஒவ்வொன்றாக மெஷின் வரைந்து முடிக்க நாள்கணக்கில் ஓடியது. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். நாங்கள் வேர்த்தோம்.

வெள்ளிக்கிழமை முதலாளி பழையபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துண்டுகள் பறந்து வந்தன. தையல் ஓடியது. ஜோடி வந்து நின்றது. "நிறுத்து" என்றார். நான் நிறுத்தினேன். அவர் குனிந்தார். பின்னால் இருந்த வலது கை முன்னால் வந்தது. கட்டைவிரல் நேராக மானிட்டரில் ஷூவின் மூக்குமேல் போய் அழுத்தித் தள்ளியது.

அந்தக் காலத்து மானிட்டர். கண்ணாடியிலிருந்து பட்டென்று சின்னதாக ஒரு ஷாக் அடித்தது. கையை உதறினார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிரிச்சே, இப்பவே அந்தச் சேர்ல உக்கார வெச்சிடுவேன்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டு நின்றேன். ஷூவின் மூக்கில் அவர் விரல் எண்ணெய் வட்டமாகத் தெரிந்தது. அவரே கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார்.

"ஓட்டலாம்" என்றார். நான் சிடியை எடுக்கப் போனபோது, "இரு. கறுப்பு வேணாம். பிரவுன்ல போட்டுடு. கலர் மாத்தறதுதானே, அஞ்சு நிமிஷம்?"

கறுப்பில் தெரியாததெல்லாம் பிரவுனில் தெரியும். தோல் வேறு, தழும்பு வேறு, எல்லாம் முதலிலிருந்து. இது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "அஞ்சு நிமிஷம்தான் சார்" என்றேன்.

மாலையில் மனைவி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "இன்னா சொன்னாரு?"

"தொட்டுப் பாத்தாரு."

"எதை?"

"மானிட்டரை."

அவள் தோல்காரர்கள் ஊர்ப் பெண் இல்லை. என்னைச் சோதிக்கிற மாதிரி பார்த்தாள். "அப்ப திங்கக்கிழமை?"

"மாஸ்டர் அந்தச் சேர்லயே அச்சை அடுக்கி வெச்சுக்கட்டும். பிரவுன்ல கேக்கறாரு."

மேசைமேல் புதுச் செய்தித்தாள் சுருள் ஒன்று இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள். கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனாள்.