தூக்கத்தை எதில் ஊதிப் பார்ப்பது?

போன வாரம் ஆம்பூரில் ஒரு கல்யாண வீடு. நண்பர் இஸ்மாயிலின் மகனுக்கு நிக்காஹ். பிரியாணி தேக்சாக்கள் காலியாகி, கூட்டம் கலைந்து, மறுநாள் காலை நானும் அவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மகள் நஸ்ரின் வந்து உட்கார்ந்தாள். விமானத்தில் துணை பைலட். கண் இரண்டும் மருதாணி நிறம்.

"மூணு நாளா சரியா தூங்கலப்பா. சாயந்திரம் சென்னைல டூட்டி. முடியாதுன்னு சொல்லப்போறேன்."

இஸ்மாயில் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாம்மா பேஜார் பண்றே? அடுத்த மாசம் கேப்டன் செலக்‌ஷன். இப்பப் போய் முடியாதுன்னா பேர் கெட்டுடும். ஸ்ட்ராங்கா ரெண்டு டீ அடிச்சிட்டு கெளம்பு."

"உங்களுக்குத்தான் சோதனையெல்லாம் இருக்கேம்மா?" என்றேன் நான்.

"இருக்கு அங்கிள். குழாய்ல ஊதணும். குடிச்சிருந்தா மாட்டிப்போம். தூக்கத்தை எதுல ஊதறது? நாங்களே வாயைத் தொறந்து சொல்லணும். சொன்னா தண்டிக்கக் கூடாதுன்னு ரூல்..."

"அப்புறம் இன்னா பயம்?" என்றேன்.

"கல்யாணத்துக்குன்னு லீவு வாங்கிட்டு, விடிய விடிய அரட்டை அடிச்சது நான்தானே? கேப்பாங்கல்ல?"

நியாயமான பயம். நினைத்துப் பார்த்தேன் — மேகங்களுக்கு மேலே, ஒரு நொடி கனக்கும் இமை. பின்னால் வரிசை வரிசையாக, செருப்பைக் கழற்றிவிட்டு உறங்கும் மனிதர்கள். அவர்கள் தூங்கலாம். அவள்?

இஸ்மாயில் ஷூ கம்பெனி நடத்துகிறார். தோல் வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும் — கை உள்ளே சிக்காமலிருக்க. வேலை அவசரத்தில் சிலர் ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிடுவார்கள்.

"டேப் ஒட்டறவன இன்னா பண்ணுவீங்கப்பா?"

"மெஷின்ல நிக்கவே வுட மாட்டேன்."

"ரெண்டு டீ அடிச்சிட்டுப் போன்னு சொல்றதும் டேப்தானே?"

இஸ்மாயில் அவளுடைய போனை எடுத்து அவரே நீட்டினார்.

பேசினாள். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். வைக்கும்போது மறுமுனை கேட்டதாம் — "கல்யாணம் நல்லா நடந்துச்சா மேடம்?"

அக்கறையா, குத்தலா? அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

களைப்பைச் சொல்லும் பைலட்டைத் தண்டிக்கக் கூடாது என்கிற அரசாங்கப் பாதுகாப்புத் திட்டம் பலன் தருகிறதா என்று நிபுணர்கள் ஆராயட்டும், அறிக்கை எழுதட்டும். எனக்குத் தெரிந்து அளவுகோல் ஒன்றுதான் —

அடுத்த மாதம் நஸ்ரின் கேப்டன் ஆகிறாளா?