கறுப்புப் புள்ளி விழாத வரிசை

எண்பதுகளின் நடுவில் நான் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். எங்களுக்குக் காலராக் கிருமிதான் வேலை. அது குடலில் சுரக்கும் விஷம்தான் ஆளைக் கொல்கிறது. அந்த விஷத்தைச் செய்யும் மரபணு எந்தக் கிருமியில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்ப்போம். ஆற்றில் மிதக்கும் காலராக் கிருமிகள் பலவற்றில் அந்த மரபணுவே கிடையாது என்று எங்கள் டாக்டர் முதன்முதலில் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்குகிற கிருமி அல்லவா?

டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனால் கையுறை போடாமல் யாராவது ஒரு குப்பியைத் தொட்டால் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசமாட்டார்.

வீட்டில் நான் ‘தண்ணி சோதிக்கிற வேலை’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மாவும் அப்பாவும் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் நடுவில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால் ஆறு. குழாயில் தண்ணீர் அடிக்கடி நின்றுவிடும் என்பதால் ஆற்றோரக் கிணற்றிலிருந்துதான் பாதி வீடுகள் இறைத்துக்கொண்டிருந்தன.

ஒருமுறை சிலாங்கூர் ஆற்றில் மாதிரி எடுக்கப் போனோம். கோலசிலாங்கூர் படகுத்துறையில் தொடங்கி மேலே மேலே வந்தபோது டாக்டர், “உன் தோட்டம் இங்கதானே? அந்தக் கிணத்திலயும் எடுப்போம்” என்றார். எடுத்தோம்.

சில நாளில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிய, கிருமி வளர்க்கும் பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் முளைத்திருந்தன. அடுத்தடுத்த சோதனைகளும் அதையே சொல்லின. காலரா இனம்தான். டாக்டர் உடனே சுகாதார இலாகாவுக்குச் சொன்னார். என்னைப் பார்த்து, “நீ பஸ் ஏறு. எல்லாரையும் தண்ணியைக் கொதிக்க வைக்கச் சொல்லு” என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்.

“எங்க தண்ணியில காலராவா? உன்னை இந்தத் தண்ணியிலதான்டி வளர்த்தேன். நீ என்ன செத்தா போயிட்ட?”

“கொதிக்க வெச்சுக் குடிம்மா. அவ்வளவுதான் கேக்குறேன்.”

“அப்போ நீ அங்க காலராவைத்தான் கையில வெச்சுக்கிட்டு இருக்கியா?”

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து விசாரித்தார். பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தாங் காலியில் இருந்த தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கிருமியைக் கொண்டுவந்து போட்டதுபோல இருந்தது அவர் நடை.

நான் கோலாலம்பூருக்குத் திரும்பி வந்ததும் அடுத்த சோதனையில் இறங்கினோம். விஷ மரபணுவோடு மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டில் கதிரியக்கம் ஏற்றி, கிருமிகளைப் பதித்த தாளின் மேல் விடுவோம். பிறகு அந்தத் தாளை எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து உறைபெட்டியில் வைத்துக் காத்திருப்போம். மரபணு இருக்கும் இடத்தில் பிலிம் கறுக்கும். நான் உறைபெட்டி முன்னால் போய் நிற்கும்போதெல்லாம் டாக்டர், “உத்துப் பார்த்தா சீக்கிரம் கறுக்காது” என்று சிரிப்பார்.

பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தோம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயாளியின் கிருமி மை கொட்டியதுபோல் கறுத்திருந்தது. எங்கள் கிணற்று வரிசையில் ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் நிறம். டாக்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “உங்க கிணத்துக் கிருமிக்கு அந்த விஷத்தைச் செய்யத் தெரியாது. ஆனா கொதிக்க வைக்கிறதை நிறுத்தச் சொல்லாதே. அதுல வேற என்ன இருக்கோ!”

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரே தன் காரில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் தோட்ட நிர்வாகியைப் பார்த்து, கிணற்றுக்கு மருந்து போட்டு மூடி போடவும், குழாயைச் சரிசெய்யவும் பேசி முடித்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியதும் சனம் கூடிவிட்டது.

“ஐயோ, யாரு நெஞ்சு இது? இவ்வளவு ஓட்டையா இருக்கு!” என்றார் ஓர் அத்தை.

“நெஞ்சு இல்ல அத்தை. கறுப்பா இருக்கிறது விஷக் கிருமி. இந்த வரிசை நம்ம கிணறு.”

“இங்க ஒண்ணுமே காணோமே லா.”

“அதைத்தான் சொல்ல வந்தேன்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குப் போனார், பத்தாங் காலிக்குப் போன் போட. மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டாராம். அடுத்த முறை நான் போனபோது குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, துணி காயப்போடப் போனார்.

பிலிமைக் காட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா டாக்டருக்குக் கருவாட்டுச் சம்பலும் முருங்கைக்கீரையும் பரிமாறினார். தனக்குத் தெரிந்த மலாயில், “இந்தக் காலராவையெல்லாம் எதுக்கு வளர்க்குறீங்க? பயமா இல்லையா?” என்று கேட்டார். டாக்டர், மலாயில் அத்தை முறை வைத்து, “பயம்தான் மக்சிக். அதனாலதான் உங்க பொண்ணு மாதிரி ஜாக்கிரதையா இருக்கிற ஆளாப் பார்த்து வெச்சிருக்கேன்” என்றார். அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். எனக்கும் வைத்தார்.

அதற்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் நாள்களை டாக்டர் ஞாயிற்றுக்கிழமையாகவே பார்த்துப் போட்டார். படகுத்துறையில் காலையில் தொடங்கினால், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சரியாக எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்திருப்போம்.