என் கையில் குடித்த நுளம்புகள்

நுளம்பின் வயிற்றுக்குள் இருக்கும் பற்றீரியாக்கள் அதன் ஊசி வழியாக என் உடம்புக்குள் இறங்கிவிடும், இறங்கியபின் அங்கே ஏற்கெனவே இருப்பவற்றை விரட்டிவிட்டு என் குடலைச் சொந்தம் கொண்டாடும் என்று நான் ஒருகாலத்தில் முழுமனதாக நம்பினேன். விஷயம் தெரியாதவன் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு நின்றவன். அந்த வட்டாரத்து வயிறுகளுக்கெல்லாம் ஆலோசனை சொன்னவன்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். அம்மாவும் நானும் வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டு அறை வீட்டில் இருந்தோம். வவுனியாவிலிருந்து பெரியம்மாவின் மகள் படிப்புக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், ஆகவே அக்கா. நுளம்பின் குடலில் வாழும் பற்றீரியாக்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன, எது எதை வளரவிடுகிறது, எது எதை அமுக்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. கோயிலில் யாராவது "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால், "டொக்டர் மாதிரித்தான். ஆனால் சின்ன ஆக்களுக்கு" என்பார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அக்காவுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரு நிபந்தனை: மூன்று தடவை நுளம்புகளுக்கு இரத்தம் கொடுத்து, அவற்றின் குடலை எடுத்து, அதிலுள்ள பற்றீரியாக்களை வளர்த்துப் பார்த்த முடிவுகளை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அவளுடைய பேராசிரியை, ஒரு சிங்களப் பெண்மணி, சிபாரிசுக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவதாக இருந்தார். இடம் கிடைத்தால் பெரியம்மாவையும் பின்னால் எடுப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். இதை நான் முதலிலேயே எழுதிவைக்கிறேன், பிறகு தெரியாதவன் மாதிரி நிற்க முடியாதபடிக்கு.

எல்லாம் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் எந்த நாள் எந்தப் பாதையை மூடுவார்கள், எந்தச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்குவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நுளம்புக்கோ குறித்த நாளில் இரத்தம் வேண்டும். ஆகவே நுளம்புக் கூண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. கம்பிச் சட்டம், சுற்றிவர வலை, கையை உள்ளே விட ஒரு துணிக் குழாய். குழாய் அம்மாவின் பழைய உள்பாவாடையில் தைத்தது. அன்றிலிருந்து வீட்டில் நுளம்புத்திரி கொளுத்தத் தடை. கூண்டுக்குள் இருப்பவை செத்துப்போகுமாம்.

"உள்ள இருக்கிற நுளம்பைக் காப்பாத்த வெளியில இருக்கிற நுளம்பு எங்களைத் தின்னுது" என்று அம்மா காலைச் சொறிந்துகொண்டு சொல்வார்.

நுளம்பாகப்போகும் குடம்பிகளை, தண்ணீரில் நெளியும் அந்தப் புழுக்களை, பிடித்துக் கொடுத்தவன் நான். பாமசிக்குப் பின்னாலிருந்த கழிவுநீர்க் கானில் அகப்பையால் அள்ளி, ஜாம் போத்தலில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒரு நாள் சாவடியில் நின்ற ஆமிக்காரன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

"மதுருவோ, மஹத்தயா" என்றேன். நுளம்புகள், ஐயா.

அவன் போத்தலைப் பார்த்தான், அடையாள அட்டையைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான். "ஓயாட பிஸ்ஸுத?" என்று போத்தலைத் திருப்பித் தந்தான். உனக்கென்ன பைத்தியமா என்று அர்த்தம். ஒரு நிமிஷத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான்.

மூன்று தடவையும் ஒரே ஆளின் இரத்தமாக இருக்க வேண்டும், அந்த ஆள் மருந்து எதுவும் எடுக்காதவராக இருக்க வேண்டும் என்பது விதி. அக்காவுக்கு இழுப்பு, தினமும் மருந்து. அம்மாவுக்குப் பிறஷர். மிச்சம் இருந்தது நான்.

"மருந்து ஏதும் எடுக்கிறனியோ?" என்று அக்கா கொப்பியும் பேனையுமாகக் கேட்டாள்.

"நான் மருந்து விக்கிறவன் அக்கா. தின்னுறவனில்லை."

"பகிடி விடாதை. ரெண்டு கிழமைக்குள்ள ஒரு குளிசை எண்டாலும்?"

"ஒண்டுமில்லை."

அன்றைக்கு அது உண்மை. யன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, உள்பாவாடைக் குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தேன். வலியில்லை, கடிதான். "பந்தி முடிஞ்சுதோ? பாயாசம் வேணுமோ?" என்று நுளம்புகளிடம் கேட்டேன். அம்மா சிரித்தார். அக்கா கொப்பியில் நேரம் எழுதினாள், குடித்த நுளம்புகளைப் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அடுத்த சனிக்கிழமை ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். மூடி போட்ட தட்டையான கண்ணாடித் தட்டுகள், உள்ளே ஜெலி, ஜெலியின்மேல் பொட்டுப் பொட்டாகப் பற்றீரியாக் கூட்டங்கள்.

"உன்ர ரத்தம் குடிச்ச நுளம்புகளின்ர வயித்துக்குள்ள இருந்தவை. ரத்தம் போன உடன எல்லாரும் பெருகுவினம். ஆனால் இவரைப் பார்."

ஒரு கூட்டம் சிவப்பு மை சிந்தியதுபோல் பரவியிருந்தது. சுற்றிவர வெள்ளைப் பொட்டுகள், ஆனால் சிவப்புக்குக் கிட்ட வரவில்லை. நடுவில் ஒரு வெறும் இடம்.

"இவர் என்னத்தையோ சுரக்கிறார். மற்றவை ஒதுங்கி நிக்கினம். அங்க மூலைக்குள்ள மஞ்சளா ஒண்டு ரெண்டு தெரியுதே, அவைக்குத் தலையெடுக்க வழியே இல்லை."

"கடிக்கேக்க இவர் எனக்குள்ள வரமாட்டாரோ?"

"நுளம்பின்ர எச்சில்தான் வரும். வயிறு வராது. ஏன், பயந்திட்டியோ?"

"நானோ? பயமோ?" என்று பெரிதாகச் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது என் கையிலிருந்த தடிப்புகளை எண்ணினேன். முப்பத்தொன்று.

அன்று மாலை காலி வீதியில் ஒரு முட்டைக் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். காலையில் வயிறு புரண்டது. கொத்து ரொட்டியை நான் சந்தேகிக்கவே இல்லை. அந்தச் சிவப்பு ஆள் வந்து காணி பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் முடிவு. கழிவறையில் குனிந்து நான் எந்த நிறத்தைத் தேடினேன் என்பதை விரிவாக எழுதமாட்டேன், அம்மா இன்னமும் உயிரோடிருக்கிறார், வாசிக்கவும் செய்வார்.

பாமசியில், பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, முதல் அன்ரிபயோட்டிக் குளிசையை விழுங்கினேன். பின்னேரம் இன்னொன்று. ஒரு தாய் வந்து தன் பிள்ளைக்கு இரண்டு குளிசை மட்டும் கேட்டபோது, "அப்பிடி எடுக்கப்படாதம்மா, டொக்டரிட்டக் காட்டாமல் இதுகளைத் தொடப்படாது" என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். வாயில் குளிசையின் கசப்பு இன்னும் இருந்தது.

நான்காம் நாள் இரண்டாம் பந்தி.

"மருந்து?" என்றாள் அக்கா, கொப்பியைப் பார்த்தபடியே.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் ஏன் எடுத்தாய் என்று கேட்பாள், பயந்தேன் என்று சொல்ல வேண்டும். நுளம்புக்குப் பாயாசம் கேட்டவன் நான்.

"இல்லை" என்றேன்.

அடுத்த கிழமை அக்கா வீட்டுக்கு ஓடிவந்தாள். படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

"சின்னம்மா, சிவப்பு ஒண்டுமே இல்லை! வெள்ளையும் இல்லை! மூலைக்குள்ள இருந்த அந்த மஞ்சள்தான் தட்டு முழுக்க! அவரை மற்றவை இவ்வளவு நாளும் அமுக்கி வைச்சிருந்திருக்கினம். ஏதோ ஒண்டு சிவப்பை எடுத்துப்போட்டுது. மிஸ் சொல்லுறா, திரும்பவும் இப்பிடி வந்தால் இது பெரிய விஷயமாம்."

அம்மா ஒன்றும் விளங்காமலே அவளைக் கட்டிப்பிடித்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிவப்பை எடுத்துப்போட்டது எது என்று உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் இரத்தத்தோடு அந்தக் குளிசையையும் அவை குடித்திருக்கின்றன. சாகக்கூடியவை செத்தன, அந்த மருந்துக்கு அசையாத மஞ்சள் மிஞ்சிக் காலியிடத்தை நிரப்பியது. நுளம்பிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. என்னிடமிருந்துதான் போயிருக்கிறது.

"என்னடா, நல்ல செய்தி சொல்லுறன், செத்தவீட்டு மூஞ்சியா இருக்கிறாய்?"

"நுளம்புக்கு நான் கொடுத்த ரத்தம் அப்பிடி, அக்கா. ராச ரத்தம்" என்றேன். அவள் என் தலையில் குட்டினாள். சிரித்தோம். வாழ்க்கையில் நான் விட்ட பகிடிகளில் இதைத்தான் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

இதுவரைக்கும் நடந்தது கோழைத்தனம். பயந்தவன் செய்தது என்று சொல்லித் தப்பலாம். இனி எழுதப்போவதற்கு அந்தச் சாட்டும் இல்லை.

மூன்றாம் பந்திக்கு ஐந்து நாள் இருந்தது. வயிறு எப்போதோ சரியாகிவிட்டது. குளிசையை நிறுத்தினால் சிவப்பு திரும்பி வரலாம், அக்காவின் கண்டுபிடிப்பு போய்விடும். நிறுத்தாமல் விட்டால் அதே முடிவு வரும், கடிதம் போகும், இடம் கிடைக்கும், பெரியம்மா வவுனியாவை விட்டு வெளியேறலாம். யாருக்கு நட்டம்? நுளம்புக்கா? இப்படி ஒரு கணக்குப் போட்டு, இந்த முறை பயமே இல்லாமல், காலையும் மாலையும் குளிசை விழுங்கினேன். அக்காவுக்கு உதவி செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். துணிக் குழாய்க்குள் கையை விட்டபோது அவள் மூன்றாம் தடவையும் கேட்டாள். மூன்றாம் தடவையும் இல்லை என்றேன்.

மஞ்சள்தான் வந்தது. தட்டு முழுக்க.

அக்கா பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்துக் கதைத்தாள். குளிருக்கு உடுப்பு எங்கே வாங்கலாம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்தார். அனுப்புவதற்கு முதல் பேராசிரியை ஒன்றே ஒன்று கேட்டாராம்: இன்னொரு ஆளின் இரத்தத்திலும் பார்ப்போம். வேறு ஆளைத் தேட நேரமில்லை என்று, கூண்டை ஆய்வுகூடத்துக்கு எடுத்துவரச் சொல்லித் தன்னுடைய கையையே உள்ளே விட்டாராம்.

சிவப்பு வந்தது.

அக்கா அன்றைக்கு வெள்ளனவே வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். எனக்கு லீவு நாள். செருப்பை நிதானமாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொப்பியை மேசையில் விரித்தாள்.

"மிஸ்ஸின்ர கையில சிவப்பு வருது. உன்ர கையில ரெண்டு தரம் வரேல்லை. முதல் தரம் வந்தது. இடையில என்ன நடந்தது?"

நான் ஒரு பகிடிக்காக வாயைத் திறந்தேன்.

"குளிசை எடுத்தனான்" என்றேன்.

"என்ன குளிசை?"

சொன்னேன்.

"எத்தனை? எந்தெந்த நாள்?"

பேசுவாள், அடிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் நான் சொன்ன நாட்களை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினாள். கடைசி ஐந்து நாட்களுக்கு வந்தபோது பேனை நின்றது.

"இது வயித்துக்கோ?"

"இல்லை. உங்களுக்கு அதே முடிவு வரட்டும் எண்டு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு பேனை எழுதும் சத்தம் கேட்டது. அதையும் எழுதிக்கொண்டாள்.

எழுந்துபோய்ப் பேராசிரியைக்கு ஃபோன் எடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். இரத்தம் கொடுத்தவர் மருந்து எடுத்திருந்தார், தான் சரியாக விசாரிக்கவில்லை, பிழை தன்னுடையது, அந்த இரண்டு தடவையையும் நீக்கிவிட வேண்டும் என்றாள். கொடுத்தவர் யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "தெரிந்த ஒருவர்" என்றாள்.

மாதக் கடைசிக்குள் புதிதாக இரண்டு தடவை செய்ய நாள் போதவில்லை. கடிதம் அனுப்பப்படவில்லை. அந்த இடம் வேறு ஒருவருக்குப் போனது.