பனி உருண்டையும் பீப் சத்தமும்

போன ஞாயிறு எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை. பண்டிகை எங்களுக்கு இல்லை. மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லாவுக்கு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில்தான் அவருக்கும் செக்கிங் வேலை. அவர் வீட்டு மரத்தில் தின்கிற அலங்காரம்தான் தொங்க வேண்டும் என்று என் மகள் நிலாவும் அவர் மகள் ஜெனியும் முடிவு செய்துவிட்டார்கள்.

ஓவன் கிடையாது. அதனால் என்ன? மாரி பிஸ்கட்டைப் பொடித்து, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிப் பிசைந்து, உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டினால் பனி உருண்டை. ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப்படும்.

எப்படித் தொங்கவிடுவது? வேறு ஊர்ப் பிள்ளைகள் ரிப்பன் தேடியிருப்பார்கள். இவர்கள் திருப்பூர்ப் பிள்ளைகள் ஆயிற்றே… நான் துணி மடித்துவிட்டு வருவதற்குள் ஊசி நூல் எடுத்துக் கோக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வந்து பார்த்தால் ஜெனி கையில் பாதி ஊசி. முனையைக் காணோம்.

கம்பெனியில் ஊசி உடைந்தால், முனை கிடைக்கும்வரை மெஷின் ஓடாது, பீஸும் நகராது. வீட்டிலும் அதே சட்டம்தான். தரையைத் தடவினோம், பாயை உதறினோம். இல்லை.

அப்போதுதான் நிலா மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நான் ஒண்ணு தின்னுட்டனுங்க."

"நூல் கோத்ததா கண்ணு, கோக்காததா?"

"தெரியலீங்ம்மா."

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். "எக்கா, போற வழிதான… நம்ம கம்பெனி மிஷின்ல உருண்டைய ஒரு தடவ பாத்துருவோம்" என்றார் மாடியிலிருந்து ஓடி வந்த ஸ்டெல்லா. தட்டையும் எடுத்துக்கொண்டோம்.

நீடில் டிடெக்டர். வெளிநாட்டு பையர்கள் வாங்குகிற குழந்தைத் துணியை அதன் பெல்ட்டில் விட்டால், உள்ளே ஊசித்துண்டு இருந்தால் பீப் அடிக்கும். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிறும் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. பேக்கிங் சரஸ்வதி அக்கா உருண்டைத் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்த பையருக்குங்க?" என்றார்.

தட்டோடு விட்டேன். பீப் அடித்தது. நிலாவைக் கட்டிக்கொண்டேன்.

"எக்கா, அது எவர்சில்வர் தட்டுக்குல்லா அடிக்கி" என்றார் ஸ்டெல்லா.

பிறகு பாலிதீன் விரித்து ஒவ்வொன்றாக விட்டோம். சத்தமே இல்லை. தினமும் பீப் அடித்துவிடக் கூடாதே என்று வேண்டுகிற கூட்டம், அன்று அடித்துத் தொலையாதா என்று ஏங்கி நின்றது. தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. மிச்சம் இரண்டே உருண்டை இருக்கும்போது… பீப்.

உடைத்தேன். முனை இருந்தது. பாதி ஊசியோடு ஒட்ட வைத்துப் பார்த்தோம் — முழு ஊசி. எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அப்பாடா என்பதற்கு அவ்வளவு கண்ணீர் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

எங்கோ ஒரு நாட்டில், முகம் தெரியாத பிள்ளை ஒன்றுக்குக் குத்திவிடக் கூடாது என்று பையர் பிடிவாதமாக வாங்க வைத்த மெஷின் அது. "இவங்க தொல்லை தாங்கல" என்று நாங்கள் முணுமுணுக்காத நாளில்லை. தன் பிள்ளை என்று வரும்போதுதானே தொல்லையின் அருமை புரிகிறது?

நல்ல உருண்டைகள் இப்போது ஸ்டெல்லா வீட்டு மரத்தில் ரிப்பனில் தொங்குகின்றன. அன்று நாங்கள் கிளம்பும்போது சரஸ்வதி அக்கா, சோதனையில் தேறிய துணிக்கு ஒட்டும் 'பாஸ்' ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து நிலாவின் சட்டையில் ஒட்டிவிட்டார்.

அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.