எஞ்சினுக்கு இன்னொரு வாய்

உருத்திரபுரத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில், பக்கத்துக் காணிக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். இரண்டு போக நெல்லை விற்று வாங்கியது. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். என்னிடம் பட்டமும் சைக்கிளும் இருந்தன. அவர் எஞ்சினை இயக்கினால் என் மனைவி குசினியில் அடுப்பை விட்டு வெளியே வந்து பார்ப்பாள். "இவர் போற போக்குக்கு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் நிக்கமாட்டார் போல," என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். என்னைப் பற்றிச் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மிளகாய் மூட்டை ஏற்றினால் வண்டி இழுக்கவில்லை. அவர் வேலிக்கு மேலால் என்னைக் கேட்டார்:

"மாஸ்டர், மடையைப் பெருப்பிச்சால் வயலுக்குத் தண்ணி கூடப் பாயுதெல்லே. எஞ்சினுக்குக் காத்துப் போற குழாயிலை இன்னொரு வாய் வெட்டினால் இழுவை கூடுமோ?"

கூடாது என்று எனக்குத் தெரியும். பெற்றோல் கூடாமல் காற்று மட்டும் கூடினால் எஞ்சின் சூடேறும். வடிகட்டாத ஓட்டையால் எங்கள் கிறவல் தெருப் புழுதியும் உள்ளே போகும். தெரிந்துகொண்டுதான் "ஓம், கூடும்" என்றேன். வண்டி கொஞ்ச நாள் மூலையில் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. ஓட்டை வெட்டியதும் வண்டி உறுமத் தொடங்கியது. சத்தத்தைக் கேட்டவர்கள் வேகம் கூடிவிட்டது என்றார்கள், அவரும் நம்பினார். "எல்லாம் மாஸ்டரின்ரை மூளை," என்று சந்தியில் என்னைப் புகழ்ந்தார். சனம் அவரைத்தான் பார்த்தது. என் பொய்யே அவரை இன்னும் உயர்த்திவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டையை அடைக்கச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில், மூட்டையோடு ஓடிய வண்டியின் எஞ்சின் சூட்டில் இறுகி, பின்சில்லு சுற்றாமல் நின்றது. விழுந்ததில் வலது கை முறிந்தது. அந்தப் போகம் அவருடைய வயலில் மற்றவர்கள்தான் அரிவி வெட்டினார்கள். நானும் போனேன்.

துணியில் தொங்கவிட்ட கையோடு வரம்பில் நின்று கேட்டார்: "எங்கை மாஸ்டர் பிழைச்சது?"

"ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாய் வெட்டிப்போட்டியள்."

"அப்ப நான்தான் பிழை விட்டிருக்கிறன். நீங்கள் சரியாய்த்தான் சொன்னியள்."

கை நேராகப் பொருந்தவேயில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்.

அவர் செத்துக் கனகாலம். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் அவருடைய மகன் இந்தக் கதையைச் சொன்னான்: "மாஸ்டர் வடிவாய்ச் சொல்லிக் குடுத்தவர். அப்பாவுக்குத்தான் ஓட்டை வெட்டத் தெரியேல்லை."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.