எனக்கு மட்டும் தண்ணீர்

1972-ஆம் வருடம், செப்டம்பர் கடைசி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னை, கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு இத்தாலிக்கு அனுப்பியிருந்தது.

நம் ஊரில் அப்போது சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பம்மல் பக்கம் சாயந்திரமானால் நடக்க முடியவில்லை என்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டுக்கு சர்ச்சும் சண்டே ஸ்கூலும்தான் உலகம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அம்மா மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள்.

"டேய், அங்க தண்ணிக்குப் பதிலா ஒயின்தான் குடிப்பாங்களாம். ஒரு சொட்டு தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்றது தப்புன்னு நீதானேம்மா சொல்லுவே?"

"இதுக்குப் பண்ணலாம். பண்ணு!"

பண்ணினேன்.

இத்தாலியில் என்னோடு வேலை செய்த, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த நண்பன், லீவில் என்னைத் தன் பெரியப்பாவின் கிராமத்துக்கு அழைத்துப் போனான். குன்றுச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பரம்பரையாக ஒயின் செய்கிற குடும்பம். வீட்டில் பெரியவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டு, பிறகுதான் தகவல் சொன்னானாம்.

போன அன்றே சாப்பாட்டு மேஜையில் பெரியவர் எனக்கு ஒயின் ஊற்ற வந்தார். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, 'உங்கள் தொழிலை என் அம்மா பாவம் என்று நினைக்கிறாள்' என்று எப்படிச் சொல்வது? வயிற்றைத் தொட்டுக் காட்டி, டாக்டர் கூடாதென்று சொல்லியிருப்பதாக நண்பனிடம் சொன்னேன். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக நினைப்பு வேறு!

மறுநாளிலிருந்து நான் நோயாளி. அக்கம்பக்கத்தாரெல்லாம் கூடையும் கையுமாக அறுவடைக்கு இறங்கினார்கள். எனக்கு மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். எழுந்து போய் ஒரு குலையைத் தொட்டால் போதும், அந்த அம்மாள் பதறிக்கொண்டு வந்து என்னை உட்கார வைத்துவிடுவார். மற்றவர்கள் பாட்டும் சிரிப்புமாகத் தட்டுத் தட்டாகச் சாப்பிடும்போது, எனக்கு உப்புச் சப்பில்லாத சூப். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கிளம்புகிற நாள், மதியச் சாப்பாடு. பெரியவர் நிலவறையிலிருந்து தூசி படிந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். மகன் பிறந்த வருடத்து ஒயினாம். கல்யாணத்தன்று திறக்க வேண்டும் என்று வைத்திருந்ததாம்.

"இனிமேல் யாருக்காக வைத்திருப்பது என்று கேட்கிறார். மகன் வயதுப் பிள்ளை நீ இருக்கும்போதே திறந்துவிடலாம் என்கிறார்" என்று நண்பன் மெல்லச் சொன்னான்.

அம்மாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், இதை ஒரு வாயாவது குடித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து, கிளாஸை முன்னால் நகர்த்தி வைத்தேன். பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, 'வேண்டாம்' என்பதுபோல் தலையை ஆட்டினார். தண்ணீர் ஜாடியை எடுத்து என் கிளாஸை நிறைத்தார். தோளைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார்.

"உன் உடம்புதான் முக்கியமாம்" என்றான் நண்பன்.

எனக்கு ஒன்றுமில்லை, ஊற்றுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. இத்தனை நாள் சூப் வைத்துக் கொடுத்த அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? தண்ணீர்க் கிளாஸையே தூக்கி அவர்கள் கிளாஸோடு இடித்தேன்.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒயின் செய்யற வீட்லயே தங்கியிருந்தான். ஒரு சொட்டு தொடலியே எம் பிள்ளை!" என்று சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்து வந்த கிறிஸ்துமஸுக்கு நண்பனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பெரியம்மா என் வயிற்றுக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறாராம்.

அந்த இருவரும் இன்று இல்லை. மகனின் கல்யாண ஒயினை என்னோடு குடிக்க ஆசைப்பட்ட மனிதர், என் பொய்யை நம்பி எனக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாரே என்பது இத்தனை வருடம் கழித்தும் என் மனதை அறுக்கிறது.