அக்கா கண்ணுக்கு மட்டும் தெரிந்தவர்கள்

கல்யாணம் செய்துகொள்ளாத என் அக்கா, டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் சாலாக் செலாத்தான் வீட்டில் என்னோடும் என் மனைவியோடும் இருந்தார். ஒருநாள் மதியம் மூன்று பேர் சாப்பிடும் மேசையில் நான்கு தட்டு வைத்தார்.

"இன்னொண்ணு யாருக்குக்கா?"

"அந்தப் பொம்பளைக்கு. காலையிலேர்ந்து நிக்கிறா. தலையெல்லாம் ஈரம், பாவம்லா."

அவர் கை காட்டிய மூலையில் திரைச்சீலை மட்டும் அசைந்தது. அக்காவுக்குப் பயமே இல்லை. பயந்தது நாங்கள்தான். ஒரு மாதத்தில் ஒருத்தி ஒரு குடும்பமானாள். அவர்கள் உட்காருவதாக அக்கா சொன்ன சோபாவில் என் மனைவி உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

பக்கத்து கிளினிக்கில் அல்ஸைமர் என்று சொல்லி, உருவங்கள் தெரியாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் அக்கா மரக்கட்டையானார். கழுத்து திரும்பவில்லை. கரண்டி வாய்வரை போகவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே முதியோரைப் பார்க்கும் டாக்டரம்மா முதலில் அந்த மாத்திரையை நிறுத்தினார். பிறகு என்னிடம் கேட்டார்: "மறதி எப்படி, அங்கிள்?"

"பழைய போன் நம்பரெல்லாம் இன்னும் சரியா சொல்றாங்க. ஆனா ஒருநாள் தெளிவா இருப்பாங்க, மறுநாள் மந்தமாயிருவாங்க. நடக்கும்போது காலை இழுக்கிறாங்க."

"தூக்கத்துல கத்துறது, உதைக்கிறது?"

அப்போதுதான் நினைவு வந்தது. பல வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே சுவரை உதைத்து அக்கா கால் விரலை உடைத்துக்கொண்டார். கெட்ட கனவு என்று விட்டுவிட்டோம். அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"அல்ஸைமர்ல பெரும்பாலும் மறதிதான் முதல்ல வரும். உருவம் தெரியுறது, தூக்கத்துல உதைக்கிறது எல்லாம் பார்த்தா, இது லூயி பாடின்னு வேற வகை மூளை நோய் மாதிரி தெரியுது. அந்த மாதிரி மாத்திரை இவங்களுக்கு ஆகவே ஆகாது."

மற்ற பரிசோதனைகளும் அதையே சொல்லின. வேறு மருந்து கொடுத்தார்கள். அக்கா மீண்டும் நடக்கப் பல வாரங்கள் ஆயின. குடும்பம் போய்விட்டது, அந்தப் பெண் மட்டும் போகவில்லை.

போன வாரம் அக்கா தெளிவாக இருந்தார். சோபாவில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அவ நிஜமில்லன்னு எனக்குத் தெரியும்டா," என்றார். "தெரிஞ்சும் தெரியுறாளே, அதுக்கு என்ன செய்ய?"

பிறகு என் பக்கம் கை காட்டினார்.

"சரி, நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. அவ மடியில உக்காந்திருக்கே."

எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன்.